வளவின் நடுவால் வலயக் கோடு: எந்த விதி பொருந்தும்?

(கேள்வியும் பதில்களும்; எழுதியவர்கள் எல்லோரும் புனைபெயரில்.)

நல்லூர் வளவு கேட்டது:

யாழ் மாநகர சபை எல்லைக்குள், நல்லூர்ப் பக்கம் 3 பரப்பு 6 குழி (843 சதுர மீட்டர்) காணி. பிரதான வீதியில் முகப்பு 66 அடி, ஆழம் 137.5 அடி. பின்னால் 10 அடி ஒழுங்கை. வீதி மதிலுக்கு மதில் 12 மீட்டர்.

எங்கே என்ன கட்டலாம் என்று நிறத்தால் பிரித்துக் காட்டும் வலயப் படத்தில் வீதியோரம் வர்த்தக நிறம், பின்பக்கம் குடியிருப்பு நிறம். இரண்டையும் பிரிக்கும் கோடு வளவின் நடுவால் போகிறது. அது எந்த மதிலையும் வேலியையும் ஒட்டிப் போகவில்லை, காணித் துண்டுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வீதிக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. படம் 1:5,000 அளவுத்திட்டம். வீதியின் மையத்திலிருந்து கோடு வரை அளந்தால் 5.6 மில்லிமீட்டர், அதாவது 28 மீட்டர். வீதியின் பாதி அகலமான 6 மீட்டரைக் கழித்தால் வளவுக்குள் 22 மீட்டர் வருகிறது.

கட்ட நினைப்பது கீழே 2 கடை, மேலே வீடு. வரைபடக்காரர் போட்ட படத்தில் பின் சுவர் முன் எல்லையிலிருந்து 23 மீட்டரில் நிற்கிறது. ஒரு கந்தோரில் காணி முழுவதும் வர்த்தகம் என்கிறார்கள், இன்னொன்றில் பாதிக்கு மேல் குடியிருப்பு என்கிறார்கள். இரண்டும் வாய்ப் பேச்சுத்தான்.

கேள்வி மூன்று. கோடு உண்மையில் எங்கே போகிறது என்று யார் தீர்மானிக்க வேண்டும்? வளவு இரண்டு வலயத்திலும் கிடந்தால் எந்த விதி? காணியை இரண்டாகப் பிரித்தால் பிரச்சினை தீருமா?

வரைபட மேசை எழுதியது:

முதலில் அதிகாரம் யாரிடம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. வலயத் திட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் செய்யப்படுவது. அமைச்சர் அங்கீகரித்து வர்த்தமானியில் அறிவித்த பிறகே அது சட்டமாகிறது. மாநகர சபை உங்கள் கட்டட விண்ணப்பத்தைப் பார்ப்பதும் அனுமதி கொடுப்பதும் அதிகார சபை கையளித்த அதிகாரத்தைக் கொண்டுதான். ஆகவே கோடு எங்கே என்ற விளக்கத்தைச் சொல்லவேண்டியது அதிகார சபை. மாநகர சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து ஒரு கருத்துச் சொல்லலாம், அது உங்களைக் காப்பாற்றாது. பிறகு திட்டமிடல் குழுவில் அதிகார சபைப் பிரதிநிதி வேறு மாதிரிச் சொன்னால் விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் கட்டத் தொடங்கியிருந்தால் அதே சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நிறுத்தச் சொல்லவும் இடிக்கச் சொல்லவும் அறிவித்தல் வரலாம்.

இனிக் கோடு. ஒரு வலயத்தின் எல்லை பல இடங்களில் பதிவாகியிருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. வர்த்தமானியில் சொற்களால் எழுதப்பட்ட விவரணம் முதலில் வரும்: வடக்கே இன்ன வீதி, கிழக்கே இன்ன வாய்க்கால், "வீதியின் இருபுறமும் இத்தனை மீட்டர்" என்ற மாதிரி. அடுத்தது ஆள்கூற்று அட்டவணை (எல்லைப் புள்ளிகளின் கிழக்கு, வடக்கு எண்கள்) இருந்தால் அது. பிறகு படத்தில் எண்ணால் எழுதிய தூரம். அதன் பின் கோடு ஒட்டிப் போகும் நிலையான பொருள்: வீதி மையம், ஒழுங்கை, ரயில் பாதை, குளக்கட்டு, காணி எல்லை. அடிமட்டத்தால் படத்தை அளப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நீங்கள் அந்தக் கடைசியில் தொடங்கியிருக்கிறீர்கள்.

அது ஏன் கடைசி என்றால், 1:5,000 படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்பான கோடு தரையில் 2.5 மீட்டர். 1:10,000 படமாக இருந்தால் 5 மீட்டர். கோட்டின் எந்த ஓரம் எல்லை என்று படம் சொல்லாது. அதோடு, கையில் இருப்பது அச்சுப் பிரதியா, அச்சுப் பிரதியின் போட்டோப் பிரதியா? பி.டி.எஃப் கோப்பை "தாளுக்கு ஏற்றவாறு" என்று அச்சடித்தால் படம் சில வீதம் சுருங்கிவிடும். ஏ3 தாளில் இருந்ததை ஏ4 ஆக்கினால் 0.707 மடங்கு. படத்தின் மூலையில் இருக்கும் அளவுக் கோலை ஒருமுறை அளந்து பாருங்கள். 500 மீட்டர் என்று எழுதியிருந்தால் 1:5,000இல் அது சரியாக 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் 28 மீட்டருக்கு அர்த்தம் இல்லை.

காணி எல்லைகளை வெட்டிக்கொண்டு, வீதிக்குச் சமாந்தரமாக ஒரே தூரத்தில் ஓடும் கோடு என்றால் அது பெரும்பாலும் "வீதியிலிருந்து இத்தனை மீட்டர் ஆழம்" என்று எழுதப்பட்ட பட்டி வலயம். அப்படி எழுதிய இடத்தில் அடுத்த கேள்வி, எதிலிருந்து அளப்பது என்பது. 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீதி மையத்திலிருந்து என்றால் உங்கள் வளவுக்குள் 24 மீட்டர். இப்போதுள்ள வீதி ஓரத்திலிருந்து என்றால் 30 மீட்டர். அகட்டுவதற்கென்று வைத்த வீதிக் கோட்டிலிருந்து என்றால் இன்னும் உள்ளே போகும். உங்கள் ஆழம் 41.91 மீட்டர், அகலம் 20.12. முதலாவது கணக்கில் 843 சதுர மீட்டரில் 483 முன் வலயத்தில், ஏறக்குறைய 57 வீதம். இரண்டாவதில் 604, ஏறக்குறைய 72 வீதம். இரண்டு கந்தோரும் ஒரே படத்தைப் பார்த்து வேறுவேறு பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வளவு இரண்டு வலயத்தில் கிடந்தால் என்ன செய்வது என்பதற்குத் திட்டத்தின் பொது விதிகளில் ஒரு பந்தி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதுதான் பதில், வேறு ஊர்த் திட்டத்தில் உள்ளதை இங்கே பொருத்த முடியாது. அப்படிப் பந்தி இல்லாத இடத்தில் நகரத் திட்டமிடலில் வழக்கமாக மூன்று வழி உண்டு: ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் விதி, பெரும்பகுதி கிடக்கும் வலயத்தின் விதி முழுவதற்கும், அல்லது பிரதான வாசல் எந்த வீதியில் திறக்கிறதோ அந்த வலயத்தின் விதி. எது என்று அதிகார சபை எழுத்தில் சொல்லாதவரை முதலாவதையே, உங்கள் வளவைப் பொறுத்தவரை மூன்றிலும் கடுமையானதையே, வைத்துத் திட்டமிடுங்கள்.

வலயம் வேறு, கட்டட விதி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். என்ன பயன்பாடு என்பதை வலயம் சொல்லும். பின் வெளி, வீதி அகலத்துக்கு ஏற்ற மாடி, வாகனத் தரிப்பு எல்லாம் 2021 யூலை 8ஆம் திகதிய 2235/54 அதிவிசேட வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளில் பார்க்க வேண்டும். இன்னமும் 1986ஆம் ஆண்டு விதிப் புத்தகத்தை வைத்துப் படம் போடும் வரைபடக்காரர் இருந்தால் அதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சங்கிலி 66 எழுதியது:

மேல சொன்னது சரி. நான் தரையில செய்யவேண்டியதைச் சொல்லுறன்.

வலயக் கோட்டை வளவுக்குள்ள கொண்டுவர முதல், வளவு எங்க இருக்குது எண்டு உலகத்துக்குச் சொல்லோணும். உங்கட உறுதியோட வாற நில அளவைப் படம் பழசெண்டால் அதில சங்கிலி, இணைப்புக் கணக்கும் காந்த ஊசித் திசையும்தான் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 இணைப்பு. ஒரு இணைப்பு 7.92 அங்குலம். உங்கட முகப்பு 66 அடி எண்டு மட்டாய் வாறதே அந்தக் காலத்துச் சங்கிலி அளவாய்த்தான் இருக்கோணும். அந்தப் படத்தில வடிவம் சரியாய் இருக்கும், ஆனால் அது தேசிய வலையில (நாடு முழுக்க ஒரே கணக்கில இடம் குறிக்கிற ஆள்கூற்று வலை) எந்த இடம் எண்டு தெரியாது. அதை வலயப் படத்துக்கு மேல வைக்க ஏலாது.

ஆகவே இந்த வருசத்து அனுமதிப்பத்திரம் கையில இருக்கிற நில அளவையாளர் ஒருத்தரைப் பிடிச்சு, புதுசாய் அளவிச்சு, நாலு மூலைக்கும் தேசிய ஆள்கூறு போட்டுத் தரச் சொல்லுங்கோ. கேட்கேக்க "எஸ்.எல்.டி 99இல வேணும்" எண்டு சொல்லிக் கேளுங்கோ. இதில கனபேர் பிழை விடுகினம். இலங்கையில ரண்டு வலை புழக்கத்தில இருக்கு. பழைய கண்டவல (Kandawala) வலையில தொடக்கப் புள்ளிக்கு 200,000, 200,000 எண்டு வைச்சது. புது 99ஆம் ஆண்டு வலையில, அதுதான் எஸ்.எல்.டி 99, 500,000, 500,000. ரண்டுக்கும் தொடக்கம் பிதுருதலாகலை மலைதான். யாழ் நகரத்தில புது வலையில கிழக்கு எண் 417 ஆயிரத்துக்குக் கிட்ட, வடக்கு எண் 794 ஆயிரத்துக்குக் கிட்ட வரும். உங்கட கையில 117 ஆயிரம், 494 ஆயிரம் எண்டு வந்தால் அது பழைய வலை. 300,000 ஐக் கூட்டிப்போட்டு மாத்தியாச்சு எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். அப்பிடிச் செய்ய ஏலாது. ரண்டு வலையும் வேறவேறயாய்ச் சரிக்கட்டினது, மீட்டர்க் கணக்கில பிசகும். உங்கட சண்டையே ரண்டு மூண்டு மீட்டருக்குத்தான்.

போனில இருக்கிற ஜி.பி.எஸ் வேண்டாம், திறந்த வெளியிலயே 5 மீட்டர் ஆடும், பனையும் மாவும் நிக்கிற வளவில இன்னும் மோசம். செய்மதிப் படத்துக்கு மேல வலயப் படத்தை ஒட்டிப் பாக்கிறதும் வேண்டாம். படம் கட்டடத்துக் கூரையைக் காட்டும், மதிலடியைக் காட்டாது. அதோட ஒட்டுற ஆள் நாலு மூலையைப் பிடிச்சு இழுத்து இழுத்துத்தான் பொருத்துவார், இழுத்த அளவுக்குப் பிழை.

அடுத்தது வீதி மையம். இப்ப தார் போட்ட மையத்தை எடுக்காதேங்கோ. ஒரு பக்கத்தால மட்டும் அகட்டின வீதி எண்டால் தார் மையமும் பழைய மையமும் ஒண்டில்லை. வலயத் திட்டத்துக்கு அடிப்படையாய் எடுத்த படம் எந்த ஆண்டு, அந்த ஆண்டில வீதி எப்பிடி இருந்தது எண்டு கேக்கோணும். உங்கட வரிசையில பழைய மதில், பழைய மதகு, பழைய எல்லைக் கல்லு எதுவும் மிச்சம் இருந்தால் அளவையாளர் அதையும் படத்தில குறிக்கட்டும். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர பொறுப்பெண்டால் மையக் கோட்டுப் படம் அங்க இருக்கும், மாநகர சபை வீதியெண்டால் சபையின்ர வேலைப்பகுதியில.

கடைசியாய் ஒரு படம் தயாராகோணும்: வளவு எல்லை, வீதி மையம், வீதி ஓரம், வீதிக் கோடு, கிணறு, ஒழுங்கை, அயல் வீட்டுக் கிணறு, உங்கட கட்டடத்தின்ர வெளிக்கோடு, அதுக்கு மேல வலயக் கோடு ரண்டு விதமாயும் (24, 30). 1:200இல வரைஞ்சால் எல்லாருக்கும் விளங்கும். இந்த ஒரு தாள் இல்லாமல் கந்தோருக்குப் போறது வீண் அலைச்சல்.

அறுதி உறுதி எழுதியது:

சட்டப் பக்கத்தில் சில விடயங்கள் விடுபட்டுவிட்டன.

கேட்கும் முறைதான் பதிலைத் தீர்மானிக்கிறது. "எனது காணி எந்த வலயம்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும், அந்த ஒரு சொல் உங்களுக்கு உதவாது. கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: இன்ன வரிமதிப்பு இலக்கமும் இன்ன கிராம அலுவலர் பிரிவும் கொண்ட, இன்ன இலக்க நில அளவைப் படத்தில் காட்டிய காணிக்குள், இரண்டு வலயங்களின் எல்லை எங்கே செல்கிறது, அது எதிலிருந்து அளக்கப்படுகிறது, திட்டத்தின் எந்தப் பந்தியின்படி? காணி இரு வலயங்களில் கிடப்பதாயின் எந்தப் பயன்பாட்டு விதி எந்தப் பகுதிக்குப் பொருந்தும்? பின் பகுதியில் கடைக்குரிய வாகனத் தரிப்பு, மலக்குழி, மின்பிறப்பாக்கி வைப்பது வர்த்தகப் பயன்பாடாகக் கொள்ளப்படுமா? இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டடம் கோட்டுக்கு இப்பால் நின்றாலும், தரிப்பிடம் அப்பால் விழுந்து விண்ணப்பம் அங்கே சிக்கிக்கொள்ளும்.

அளவைப் படத்தை இணைத்து, கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

கடிதத்தைவிட உறுதியான வழி பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிப்பது. கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் கோவையில் வலயமும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடும் நிபந்தனைகளும் பதிவாகும். முழுக் கட்டடப் படம் போடுவதற்கு முன்னால் அதை எடுத்தால் வரைபடச் செலவு வீணாகாது. அதே நேரத்தில் மாநகர சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழையும் எடுங்கள். வீதியை அகட்ட உங்கள் முன்பக்கத்தில் 2 மீட்டரோ 3 மீட்டரோ ஒதுக்கியிருந்தால் உங்கள் 23 மீட்டர்க் கணக்கு முழுதாக மாறும்.

பதில் வராமல் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டத்தால் இருக்கும் ஆவணத்தைக் கேட்கலாம், புதிய விளக்கத்தைக் கேட்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியவை: வர்த்தமானி விவரணத்தின் மூன்று மொழிப் பாடங்களும், வலய எல்லையின் ஆள்கூற்று அட்டவணை அல்லது எண்மக் கோப்பு, அடிப்படைப் படத்தின் ஆண்டு, அதே வீதியில் இதேபோன்ற காணிகளுக்குத் திட்டமிடல் குழு எடுத்த தீர்மானங்கள். மூன்று மொழியையும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைப் பெயர்கள் மொழி மாறும்போது உருமாறிவிடும். ஒரே வீதிக்கு இரண்டு பெயர் இருக்கும், "முதலாம் ஒழுங்கை" என்று நாலைந்து இடத்தில் இருக்கும். விவரணத்தில் உள்ள ஒழுங்கை உங்கள் ஒழுங்கைதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எல்லையை விளக்கிக் கொடுக்கும்படி கேட்பது வேறு, எல்லையை மாற்றும்படி கேட்பது வேறு. கோடு தெளிவாக இருந்து உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது திட்டத்தைத் திருத்தும் வேலை. அங்கீகாரம், வர்த்தமானி என்று நீளும். ஒரு வீடு கட்ட அதற்காகக் காத்திருக்க முடியாது. கடிதத்தில் "மாற்றித் தரவும்" என்ற சொல் வந்தால் கோவை அந்த வழியில் போய்விடும், எழுதும்போது கவனம்.

இனிக் காணியைப் பிரிப்பது. முன் துண்டு முழுவதும் ஒரே வலயத்தில் வரும்படி கோட்டின் மேலேயே பிரித்தால் முதல் சிக்கல் தீரும், வேறு மூன்று தொடங்கும். ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தபட்சப் பரப்பும் முகப்பும் வேண்டும். பொதுவான அளவு 150 சதுர மீட்டரும் 6 மீட்டர் முகப்பும். அது உங்களுக்குத் தாராளமாக வரும். ஆனால் பின் துண்டுக்கு வழி 10 அடி ஒழுங்கை மட்டும். அது பொது ஒழுங்கையா, உறுதிகளில் "வழிவாய்க்கால்" என்று எழுதிய தனியார் பாதையா என்பதைப் பார்க்காமல் பிரிவிடல் படம் கொடுக்கக் கூடாது. அடுத்தது, பிரித்த பிறகு முன் துண்டு தன் பின் வெளியையும் தரிப்பிடத்தையும் தன் எல்லைக்குள்ளேயே காட்ட வேண்டும், முழு வளவைக் காட்ட முடியாது. மூன்றாவது உரித்து. சீதன உறுதியாலோ முதுசமாகவோ வந்த காணியில் பிரிக்கப்படாத பங்குகள் இருந்தால், எல்லாப் பங்காளரும் பங்கீட்டு உறுதியில் ஒப்பமிட வேண்டும். காணிப் பதிவகத்தில் தோம்பை (உரித்துப் பதிவேட்டை) பார்த்த பிறகே நில அளவையாளருக்குப் பிரிவிடல் வேலையைக் கொடுங்கள். பங்காளர் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும்போது மற்றவர்களுக்குத் தேசவழமைப்படி (யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டப்படி) முற்கொள்ளும் உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை, உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

என் கருத்தில், உங்கள் விடயத்தில் பிரிப்பது தேவையில்லை.

நல்லூர் வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளவுக் கோலை அளந்தேன். 500 மீட்டர் என்று எழுதியது 94 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. கிணறு பின்பக்கத்தில், ஒழுங்கை மதிலிலிருந்து 4 மீட்டரில். மலக்குழியை நடுவில் போட நினைத்திருந்தோம். காணி ஒரே பெயரில், பங்காளர் இல்லை.

வரைபட மேசை எழுதியது:

94 என்றால் உங்கள் படம் 6 வீதம் சுருங்கியது. 5.6 ஐ 0.94 ஆல் பிரித்தால் 5.96 மில்லிமீட்டர், தரையில் 29.8 மீட்டர். அதாவது வீதி மையத்திலிருந்து 30 மீட்டர் என்ற கணக்குக்கு ஒட்டி வருகிறது. வீதி ஓரத்திலிருந்து 30 என்றிருந்தால் மையத்திலிருந்து 36, படத்தில் 7.2 மில்லிமீட்டர். சுருங்கிய உங்கள் பிரதியில் அது 6.8 ஆகத் தெரிந்திருக்கும். 5.6க்கும் 6.8க்கும் இடையில் கோட்டின் தடிப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், இந்த ஊகத்தை ஓரளவு நம்பலாம். ஆனாலும் ஊகம்தான். வர்த்தமானி விவரணத்தில் எண் என்ன என்று பாருங்கள், அங்கே இருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் தேவையில்லை.

மையத்திலிருந்து 30 என்று எடுத்தால் கோடு வளவுக்குள் 24 மீட்டரில். உங்கள் பின் சுவர் 23இல். ஒரு மீட்டர் மிச்சம், கோட்டின் தடிப்போ 2.5 மீட்டர். இந்த இடத்தில் நான் வாதாடப் போகமாட்டேன், சுவரை 21 மீட்டருக்கு இழுப்பேன். 2 மீட்டர் ஆழத்தை விட்டுக்கொடுத்தால் எந்த உத்தியோகத்தர் எந்த ஓரத்தை எடுத்தாலும் கட்டடம் முன் வலயத்துக்குள் நிற்கும். தேவையான இடத்தை அகலத்தில் பிடியுங்கள், உங்களுக்கு 20 மீட்டர் இருக்கிறது. வீதிக் கோட்டுச் சான்றிதழில் முன்பக்கம் 3 மீட்டர் போகிறது என்று வந்தாலும் 18 மீட்டர் ஆழம் மிஞ்சும், இரண்டு கடைக்கு அது தாராளம்.

மலக்குழி வேறு கதை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும், ஊறல் குழிக்கும் இடையில் 15 மீட்டர், அதாவது 50 அடி பொதுவாகக் கேட்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இதைக் காகிதத்துக்காகச் செய்யக் கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணக்கல், வெடிப்பும் குகையுமாக இருப்பது. மணல் வடிப்பது போல அது வடிக்காது, குழியில் விட்டது கெதியாகக் கிணற்றுக்குப் போய்விடும். உங்கள் கிணறு முன் எல்லையிலிருந்து ஏறக்குறைய 38 மீட்டரில். 15 ஐக் கழித்தால் மலக்குழி 23 மீட்டருக்கு முன்னால் வரவேண்டும், கட்டடமோ 21 வரை. நடுவில் இருப்பது 2 மீட்டர்ப் பட்டி, அதிலும் கோட்டின் சந்தேகம். ஆகவே குழியைப் பின்னால் தேடாமல் முன்பக்கத்தில், தரிப்பிடத்தின் கீழ், பாரம் தாங்கும் மூடி போட்டு வையுங்கள். வீதிக் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அகட்டும்போது போய்விடும். இரு பக்கத்து அயலவர் கிணற்றுக்கும் அதே 15 மீட்டர் பார்க்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைத்தான் முதலில் அளப்பார். எங்கும் இடம் வராவிட்டால் ஊறல் குழி இல்லாத, அடைத்த தாங்கி போட்டு அள்ளுவிப்பதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

கொக்குவில் மேற்கு கேட்டது:

இதோடு சேர்த்து ஒன்று. எங்கள் காணி மாநகர சபைக்கும் நல்லூர் பிரதேச சபைக்கும் இடையில் இழுபடுகிறது. சோலைவரி (ஆதன வரி) மாநகர சபைக்குக் கட்டி வருகிறோம். அந்தப் பற்றுச்சீட்டு போதுமா?

அறுதி உறுதி எழுதியது:

போதாது. வரி கட்டிய பற்றுச்சீட்டு, வரி கட்டியதற்கு மட்டும் சான்று. உள்ளூராட்சி எல்லையும் வர்த்தமானியில் விவரிக்கப்பட்டதுதான். இன்னொரு குழப்பம், நல்லூர் பிரதேச செயலகமும் நல்லூர் பிரதேச சபையும் ஒன்றல்ல. செயலகப் பிரிவின் ஒரு பகுதி மாநகர சபைக்குள் வருகிறது. ஆகவே "நல்லூர்" என்று உறுதியில் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தை எடுத்து, பிரதேச செயலகத்தில் பிரிவு எல்லைப் படத்தைப் பார்த்து, இரு சபைகளுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தை, ஒன்றின் பிரதியை மற்றதற்குக் காட்டி அனுப்புங்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு சபையும் "மற்றச் சபையிடம் கேளுங்கள்" என்று எழுத வாய்ப்பிருக்கிறது.

நாவாந்துறை, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை ஓரத்துக் காணிக்காரரும் இதை வாசிக்கக்கூடும், அவர்களுக்கு ஒரு வரி. வலயப் படத்தில் எந்த நிறம் இருந்தாலும், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கரையோர வலயம் அதற்கு மேலால் போகும் தனிக் கோடு. சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர், களப்பு ஓரத்துக்கு 2011 திருத்தத்தில் தனி அளவு. அதற்குக் கரையோரத் திணைக்களத்தில் தனியாக அனுமதி கேட்க வேண்டும். நகர வலயத்துக்கு எடுத்த கடிதம் அங்கே செல்லாது.

சங்கிலி 66 எழுதியது:

நல்லூர் வளவுக்காரருக்கு ஒண்டு. கோடு எங்க எண்டு எழுத்தில வந்த உடன நில அளவையாளரைத் திருப்பிக் கூப்பிட்டு, அந்தக் கோடு ரண்டு பக்க மதிலையும் சந்திக்கிற இடத்தில ஆணியடிச்சு, படத்தில அந்த ரண்டு புள்ளிக்கும் ஆள்கூறு எழுதுவிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. மதிலுக்கு மேல சாயம் பூசி விடுறது போதாது, மதில் இடிச்சுக் கட்டினால் போச்சு. முன் எல்லைக் கல்லிலயிருந்து எத்தினை மீட்டர் எண்டதும் எழுதியிருக்கட்டும். அத்திவாரம் வெட்டுற அண்டைக்கு மேசன் கயிறு பிடிக்கிறது வீதி மதிலிலயிருந்துதான். அந்த மதில் எல்லைக் கல்லுக்கு வெளியால ஒரு அடி போட்டுக் கட்டியிருந்தால் முழுக் கட்டடமும் ஒரு அடி முன்னுக்கு வந்து நிக்கும், பிறகு கட்டி முடிச்சு இணக்கச் சான்றிதழுக்கு அளக்கேக்கதான் தெரியவரும். கயிறு பிடிக்க முதல் முன் ரண்டு கல்லும் இருக்குதோ எண்டு தோண்டிப் பாருங்கோ.